ஒரு சொல்லும் இரு முயல்களும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமான திருமுக்கூடலுக்கு நண்பர்கள் நால்வராகச் சென்றிருந்தோம். அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழரின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் காண்பதே எங்கள் நோக்கம். 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதன் மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள், அவரவர்க்கு அளக்கப்பட்ட நெல் என யாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லும் கல் அது.

திரும்பும் வழியில் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டில் நின்றோம். கொல்லையில் கம்பிவலைக் கூண்டுகளில் வெள்ளை முயல்கள். அவற்றின் புழுக்கை, கத்தரிச் செடிகளின் அடியில் குவிந்திருந்தது. நாங்கள் கல்வெட்டுப் பார்க்க வந்தவர்கள் என்றறிந்ததும் அவ்வீட்டு அம்மையார், "படிச்சவங்களா இருக்கீங்க. இத வளத்தா ஃபாரஸ்ட்டுக்காரங்க புடிச்சிட்டுப் போயிடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லீங்கம்மா" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டோம். ஆனால் அக்கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

அவ்வரலாற்றின் தொடக்கம் காஞ்சியிலேயே கிடைக்கிறது. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வேட்டைக் காட்சி உண்டு. இரவில் பன்றிக்காகக் குழியில் பதுங்கியிருந்தும் வேட்டை வாய்க்காதபோது, கானவர் பகலில் நாய்களுடன் புதர்களைக் கலைத்து, வலைகளைத் தொடுத்துக் கட்டி, நெடிய செவிகளையுடைய முயல்களை வளைத்துப் பிடித்துக் கூடி உண்பர். முயலின் காதுக்குத் தாமரையின் புறவிதழைப் புலவர் உவமை கூறுகிறார். ஆகவே முயலிறைச்சி இந்நிலத்துக்குப் புதிதன்று. புதிது, கூண்டில் இருக்கும் முயல்தான்.

பாட்டில் வருவது காட்டுமுயல். அது வளை தோண்டாது. புல்லிடையே தரையில் குட்டி ஈனும். குட்டி பிறக்கும்போதே உடல் முழுதும் மயிரும் திறந்த கண்களும் கொண்டிருக்கும். தனித்து வாழும் அவ்விலங்கு அடைபட்டால் மிரண்டு நலியும். கூண்டு முயலோ ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்த குழிமுயலின் வழித்தோன்றல். அது வளையில் கூட்டமாக வாழ்வது. மயிரற்ற, கண் திறவாத குட்டிகளை ஈனுவது. நெருங்கி வாழும் அவ்வியல்பே அதனை மனிதனின் கூண்டுக்கு உரியதாக்கிற்று. இவ்விரண்டும் தம்முள் இனம் சேர்ந்து பெருகுவதில்லை. எனினும் தமிழில் நாம் இரண்டையும் முயல் என்றே அழைக்கிறோம்.

குழிமுயலை ரோமானியர் சுவரெழுப்பிய தோட்டங்களில் வளர்த்தனர். பலேரிக் தீவினர் முயல் பெருக்கம் தாங்காமல் பேரரசர் அகஸ்டஸிடம் படையுதவி வேண்டியதாகப் பிளினி எழுதுகிறார். கி.பி. 600-ஐ ஒட்டிப் போப் கிரகோரி, முயல்குட்டியை நோன்புக் காலத்தில் உண்ணலாம் என்று அறிவித்ததால்தான் மடாலயங்களில் அது வீட்டு விலங்காயிற்று என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்குச் சான்றில்லை என்றும், பழக்கப்படுத்தல் ஒரே நிகழ்வாக நடந்ததன்று என்றும் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தபோது, கொல்லையில் முயல் வளர்க்கப் பிரிட்டன் அரசே ஊக்கமளித்தது. பற்றாக்குறைக் காலத்தின் விலங்கு அது.

தமிழகத்தில் அதன் வளர்ப்பைப் பேணி ஆராய்ந்தவை பெரும்பாலும் மலையிலிருந்த ஆட்டுப் பண்ணைகளே. நீலகிரியில் சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி மையமும் முயல் இனங்களைப் பேணி வருகின்றன. மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியே வெப்பத்தை வெளியேற்ற முயலும். 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது துவளும். கோடையில் ஆண் முயல்களின் கருவூட்டும் திறனும் குன்றும். பாலாற்றுச் சமவெளியில் வளர்ப்போர் ஈரச்சாக்கும் மரநிழலும் தேடுவது அதனால்தான்.

கணக்கு எளியது. சினைக்காலம் சுமார் 31 நாள்; ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள்; மூன்று மாதத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. அகத்தி, வேலிமசால், தன் பெயரிலேயே முயலைத் தாங்கிய முயல்மசால் ஆகியவை தீவனம். முயல் மென்மையான ஒருவகைக் கழிவைத் தானே மீண்டும் உண்டு சத்தைப் பெற்றுக்கொள்ளும். எஞ்சி விழும் உலர்ந்த புழுக்கையில் மாட்டுச் சாணத்தைவிடத் தழைச்சத்து மிகுதி. அதை மக்கவைத்தோ மண்புழுவுக்கு இட்டோ செடிக்குச் சேர்ப்பது நல்லது.

அம்மையாரின் ஐயத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காப்பது காட்டுமுயலை. அதனைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கூண்டிலுள்ள அயல்நாட்டு முயலுக்கு அத்தடை இல்லை. பெயர் ஒன்றாயிருப்பதால், குற்றமில்லாதவர் அஞ்சுகிறார்; புதரில் வலை கட்டுபவரோ "முயல்தானே, கடையிலேயே விற்கிறார்களே" என்று அஞ்சாதிருக்கிறார். ஒரு சொல்லின் மயக்கத்தால் இழப்பு நேர்வது பெரும்பாணாற்றுப்படை கண்ட அந்த நெடுஞ்செவி முயலுக்குத்தான்.

புறப்படும்போது, "கறிக்கு அறுப்பீங்களா?" என்று கேட்டோம். "கறிக்குன்னுதான் வாங்கினோம். கொழந்தைங்க அழுவுதுங்க. இப்போதிக்கு எருவுக்குத்தான்" என்றார்.

எங்களுக்குச் சச ஜாதகம் நினைவுக்கு வந்தது. விருந்தினனுக்கு அளிக்கப் புல்லன்றி வேறில்லாத முயல், தன்னையே தீயிலிடத் துணிகிறது. குதிக்குமுன், மயிரிடையே உள்ள சிற்றுயிர்கள் மடியாதிருக்க உடலை மும்முறை உதறுகிறது. சக்கரன் அதன் உருவை நிலவில் வரைந்தான் என்பது கதை. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விகாரங்கள் இருந்ததாக யுவான் சுவாங் குறித்த காஞ்சியில், இக்கதையை அறிந்தோர் பலர் இருந்திருக்க வேண்டும். கதையின் முயல் தானே முன்வந்து தன்னை அளித்தது. கூண்டு முயலை நாம் கேட்பதில்லை. இறைச்சி உண்பது பிழை என்பது எங்கள் வாதமன்று. எங்களில் இருவர் உண்பவர்களே. சட்டம் தீர்த்துவைத்த கேள்வி ஒன்று. தீர்க்காத கேள்வி அக்கொல்லையில் குழந்தைகளின் கையில் இருக்கிறது. அதற்கு விடை சொல்லும் தகுதி நால்வரில் ஒருவர்க்கும் இருக்கவில்லை.