ஏற்புச் சோதனைக்கு முன்பே: டிஜிட்டல் சேவைகளை யாரைக் கொண்டு சோதிப்பது?

கேமராவின் முன் இருப்பவர் உயிருள்ள மனிதர்தானா, வெறும் ஒளிப்படமா என்று உறுதிசெய்யக் கண் சிமிட்டச் சொல்வது இந்திய வங்கிகளின் கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு நடைமுறையில் வழக்கம். அமில வீச்சில் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூனால் 2023-இல் அதைச் செய்ய முடியவில்லை. கணக்குத் தொடங்குவது தடைபட்டது. அவர் தரப்பும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் கூறு என்று அறிவித்த அத்தீர்ப்பு, 20 ஆணைகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி காண்பது அவற்றுள் ஒன்று. இன்னொன்று அணுகல்தன்மைத் தணிக்கையைக் கட்டாயமாக்கி, பயனர் ஏற்புச் சோதனைக் கட்டத்தில் பார்வையற்றோரை ஈடுபடுத்தச் சொல்கிறது.

சோதனையில் யார் இருக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொன்னது பெரிய முன்னேற்றம். ஆயினும் அது குறிப்பிட்ட கட்டம் தவறானது; குறிப்பிட்ட ஆட்கள் போதாதவர்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கட்டம். ஏற்புச் சோதனை என்பது மென்பொருள் முடிந்து, ஒப்படைப்பதற்குச் சற்று முன் நடப்பது. அப்போது பொத்தானுக்குப் பெயரிடலாம், நிறத்தை மாற்றலாம். ‘எல்லோராலும் கண் சிமிட்ட முடியும்’ என்ற அனுமானத்தை மாற்ற முடியாது. அது வரைவின் முதல் நாளிலேயே அடித்தளத்தில் புதைந்துவிட்டது. நிரலைப் பொறுத்தவரை அங்கே பிழையே இல்லை. சொன்னதைச் சரியாகச் செய்கிறது, சொன்னதுதான் தவறு.

தணிக்கை இதைப் பிடித்துவிடும் என்பாருக்கு ஓர் ஆய்வு பதிலாகிறது. கிறிஸ்டோபர் பவர், ஹெலன் பெட்ரி உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்ட அவ்வாய்வில் 32 பார்வையற்றோர் 16 இணையதளங்களைப் பயன்படுத்திப் பார்த்தனர். எதிர்ப்பட்ட 1,383 சிக்கல்களில் டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகல்தன்மைத் தரநிலையின் அளவுகோல்களுக்குள் அடங்கியவை 50.4 விழுக்காடு மட்டுமே. தரநிலை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அதில் தேறிய தளத்திலும் பயனர் திக்கற்று நிற்கக்கூடும். அதை அவரோடு அமர்ந்துதான் அறிய முடியும்.

அடுத்து ஆட்கள். ஐந்து பயனரைச் சோதித்தால் 85 விழுக்காடு சிக்கல்கள் வெளிப்படும் என்ற பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சனின் கணிப்பை நிறுவனங்கள் வேதவாக்காகக் கொள்கின்றன. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களைக் காட்டுவார் என்ற கணக்கின்மீது நிற்பது அது. வேறுபட்ட பயனர் குழுக்கள் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார்; நிறுவனங்கள் அப்பகுதியை விட்டுவிட்டன. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. அப்படியானால் கண்மூடித் தேர்ந்த ஐவரில் ஒரு மாற்றுத்திறனாளியாவது இடம்பெறும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். தேடிச் சென்று அழைக்காமல் அவர்கள் வரமாட்டார்கள்.

அழைப்பும் பார்வையற்றோரோடு நின்றுவிடலாகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் அதில் உண்டு. வழக்கின் தோற்றுவாயே அவர்களாக இருந்தும், சோதனை பற்றிய ஆணையில் அவர்கள் பெயர் இல்லாதது வருந்தத்தக்கது. உடற்குறை ஏதுமற்ற, எழுத்தறியாத உழைப்பாளி எந்தப் பட்டியலிலும் இல்லை. பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மேதி குழுவினர் வேலை தேடுவதற்கான, எழுத்தே இல்லாத திரையைப் படங்களாலும் குரலாலும் அமைத்து, வீட்டுவேலை செய்வோரிடம் கொடுத்தார்கள். அப்போதும் தயக்கம் போகவில்லை. தமக்கு வேண்டிய வேலைத் தகவல் இந்தப் பெட்டிக்குள் எப்படி வந்தது என்பதே அவர்களுக்குப் புரியாததும் ஒரு காரணம். வேலை கொடுப்பவர் தகவல் தருவது முதல் முழுச் சங்கிலியையும் நாடகமாகக் காட்டும் காணொளியைச் சேர்த்தபிறகு நிலைமை மேம்பட்டது. எந்தத் தரநிலை ஆவணமும் இப்படியொரு தேவையை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

ஆகவே ஆணையைச் செயற்படுத்தும் விதிகள் மூன்றைச் சேர்க்க வேண்டும். முதல் மாதிரித் திரை வரைந்தவுடனேயே, காகிதத்திலாவது, பல்வகைப் பயனரோடு சோதனை நடக்க வேண்டும். வருவோருக்கு நிபுணருக்குரிய ஊதியம் தர வேண்டும். அவர்கள் கண்ட தடை நீங்கும்வரை சேவையை வெளியிட முடியாது என்ற நிபந்தனை ஒப்பந்தப்புள்ளியிலேயே இடம்பெற வேண்டும்.