டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டிய தாள்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அப்பாவின் கையெழுத்து, நீல மை. தலைப்பு கிடையாது, பதினான்கு சாமான்களின் பெயர் மட்டும் வரிசையாக இருக்கும். சின்ன வயதில் அது ஏதோ மளிகைச் சிட்டை என்று நினைத்திருந்தேன். அது 1942-ல் சென்னையை விட்டு ஓடியபோது கற்ற பாடம் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷத்தை எங்கள் வயதுக்காரர்கள் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். அதே மாதம் 23-ல் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலை, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதை நேரில் பார்த்தவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். பயம் புதியதல்ல.

அவசியமில்லாதவர்கள் நகரை விட்டுப் போய்விடலாம் என்று சில நாட்களில் அரசே சொல்லிவிட்டது. ஆபீஸ்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ஹைகோர்ட்டே கோயமுத்தூருக்குப் போயிற்று. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சத்தம்தான் பலரைப் பெட்டி கட்ட வைத்தது என்பார் அப்பா.

அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேரும் மாம்பலத்து வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு எழும்பூருக்கு வந்தார்கள். போக வேண்டிய ஊர் கும்பகோணம். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், ஒரு மூட்டை பாத்திரம். மூட்டையில் பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த வெண்கலப் பானையும் இருந்தது. ஸ்டேஷன் உள்ளேயே நுழைய முடியாத கூட்டம். ஹார்மோனியம், தையல் மிஷின், ஊஞ்சல் பலகை என்று ஜனங்கள் எடுத்து வந்ததெல்லாம் பிளாட்பாரத்தில் அநாதையாகக் கிடந்ததாம்.

“அம்மா, பானையை விட்டுடு. ஆள் ஏறினால் போதும்” என்றாராம் அப்பா.

“பானை இல்லாம எதுல சோறு பொங்குவே?” என்றாளாம் பாட்டி.

கடைசியில் ஒரு பெட்டியும் பானையும் எழும்பூரிலேயே நின்றுவிட்டன. விடிய விடியப் பயணம். கூஜாவில் கொண்டுவந்த தண்ணீர் விழுப்புரத்துக்குள் தீர்ந்துபோனது. நெருப்புப்பெட்டி, டார்ச், அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் மூன்றும் விட்டுவந்த பெட்டிக்குள் இருந்தன. எது எந்தப் பெட்டியில் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

கும்பகோணத்தில் எதிர்வீட்டுக்கு அந்த வருஷம் ஆனியில் ஒருவர் வந்து சேர்ந்தார். பர்மாவில் கணக்கு எழுதியவர். தெருவில் அவருக்கு ‘ரங்கூன் மாமா’ என்றே பெயர். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு இந்தியர்கள் லட்சக்கணக்கில் புறப்பட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களில் பலர் டாமு வழியாக மணிப்பூர் மலைகளைக் கடந்து, இம்பால் போய், திமாப்பூரில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. காலரா, மலேரியா, பட்டினி என்று வழியிலேயே பல ஆயிரம் பேர் மாண்டார்கள்.

அந்த வழியில் நடந்து வந்தவர் ரங்கூன் மாமா. திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது கைப்பிடி வைத்த ஒரு தகர டப்பா மட்டும். அதில்தான் வழியெல்லாம் தண்ணீர் காய்ச்சிக் குடித்தாராம். கூட நடந்தவர்களில் ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்தவர்கள் பலர் மலை தாண்டவில்லை. முதல் இரண்டு நாளில் பித்தளைப் பாத்திரங்களைப் போட்டார்கள், அப்புறம் துணிமணி, அதற்கப்புறம் படுக்கை. “நகை கடைசி வரை மடியில்தான் இருந்தது. ஆனால் மலைமேல் உப்பு விற்க ஆள் இல்லையே” என்பாராம். கத்தி, நெருப்புப்பெட்டி, உப்பு, கொய்னா மாத்திரை, காலுக்குச் செருப்பு இவைதான் தன்னைக் கொண்டுவந்து சேர்த்தன என்பது அவர் கணக்கு.

அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அப்பா அந்தப் பட்டியலை எழுதினார். கூஜா, மூடியுள்ள தூக்கு, அவல் ஒரு படி, வெல்லம், உப்பு, பேனாக்கத்தி, டார்ச், மெழுகுவர்த்தி, தகர டப்பாவில் நெருப்புப்பெட்டி, கயிறு, ஊசி நூல், டிங்சர் அயோடினும் பஞ்சும், சில்லறை. அந்த நாட்களில் சில்லறைத் தட்டுப்பாடு பெரிய தொல்லை. ரூபாய் நோட்டை நீட்டினால் மாற்றிக் கொடுக்க ஆள் கிடையாது. பதினான்காவதாக எண்ணெய்த்துணியில் சுற்றிய காகிதங்கள். ரேஷன் வந்த பிறகு, அந்த வரியின் பக்கத்தில் வேறு மையில் ‘ரேஷன் கார்டு’ என்று சேர்த்திருந்தார்.

எழுதியதோடு விடவில்லை. எல்லாவற்றையும் ஒரு காக்கித் துணிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மகாமகக் குளத்தை மூன்று தடவை சுற்றி வந்தாராம். முதல் நாள் ஒரு சுற்றிலேயே தோள் பட்டை அறுத்தது. இரும்பு அரிவாளும் இரண்டாவது தூக்கும் வெளியே போயின. மூன்றாம் நாள் பன்னிரண்டு ராத்தலில் நின்றது. தூக்கிக்கொண்டு நடக்க முடியாத சாமான் பட்டியலில் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

ஆவணியில் சென்னைக்குத் திரும்பினார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அன்றிரவு இருட்டில், விளக்கு ஏற்றாமல், இரண்டு நிமிஷத்தில் பையோடு வாசலுக்கு வந்துவிட்டதாக அம்மா சொல்லுவாள். ஓட வேண்டியிருக்கவில்லை. ஆனால் எழும்பூரில் இருந்த நடுக்கமும் அன்று இருக்கவில்லையாம்.

இவ்வளவும் தெரிந்த நான் 2015-ல் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 1 இரவு அடையாறு பெருகியது. எங்கள் வீடு ஜாபர்கான்பேட்டையில், தரைத்தளம். பத்து மணிக்கு வாசற்படியில் இருந்த தண்ணீர் நள்ளிரவில் கட்டில் உயரம் வந்துவிட்டது. நானும் மனைவியும் மாடி வீட்டுக்கு ஓடினோம். என் கையில் இருந்தது செல்போனும் டிவி ரிமோட்டும். ரிமோட்டை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. என் சர்க்கரை மாத்திரை கீழே. அவள் கண்ணாடி கீழே. விடிவதற்குள் செல்போனும் உயிரை விட்டது. மகன் நம்பர் இருவருக்குமே மனப்பாடமில்லை. மூன்றாம் நாள் வெளியே வந்தால் ஏ.டி.எம். எதுவும் வேலை செய்யவில்லை. சட்டைப்பையில் நூற்றிருபது ரூபாய்.

டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. திறந்தபோது மூடியில் சேறு மட்டும். அப்பாவின் தாள் கரைந்துபோயிருந்தது. எடுக்க வேண்டியதை எழுதிய தாளையே எடுக்காமல் ஓடியிருக்கிறேன். என் பென்ஷன் காகிதங்களுக்கு நகல் வாங்க முகாம்களில் வரிசையில் நின்றேன். அந்தத் தாளுக்கு எங்கே நகல் வாங்குவது?

பதினான்கு சாமானும் நினைவிலிருந்ததால் திரும்ப எழுதினேன். காலத்துக்கேற்ப மாற்றமும் செய்தேன். கொய்னாவுக்குப் பதில் பத்து நாளைக்கான எங்கள் மாத்திரைகள், டாக்டர் சீட்டின் நகலோடு. பழைய மூக்குக்கண்ணாடி ஒரு ஜோடி. டார்ச், பவர் பேங்க், ஒரு விசில். பத்தும் ஐம்பதும் நூறுமாக இரண்டாயிரம் ரூபாய். உறவினர் நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை. ஆதார், பென்ஷன், வீட்டுப் பத்திர நகல்கள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில். தண்ணீர் ஒரு லிட்டர், அவல், வெல்லம். பை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும், மழைக்கு முன்னால், பையைக் கீழே இறக்கி மாத்திரை, பேட்டரி தேதிகளைப் பார்க்கிறோம். பிறகு அதை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவேன். முதல் வருஷம் ஆறு கிலோ, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இப்போது நாலு. போன வருஷம் பாதிப் படியில் மூச்சு வாங்கியது. இந்த வருஷம் அதைப் பிரித்து அவளுக்கு ஒரு சின்னப் பை, எனக்கு ஒரு சின்னப் பை என்று ஆக்கிவிட்டோம். அவள் பையில் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணம் இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.