மாத்திரைப் பெயருக்குக் கீழே இருக்கும் வரி

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடந்து முடித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் "கால் வலிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 'ஸ்ட்ராங்' மாத்திரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வலி மருந்துகளில் அபின் வகை என்று ஒரு குடும்பம்: மார்ஃபின், கோடீன், டிராமடால். அபினோடு சம்பந்தமே இல்லாதது பாராசிட்டமால். இரண்டும் வேறு வேறு வழியில் வலியைக் குறைப்பதால், சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சமாகவே போதும். இதுதான் கூட்டு மாத்திரையின் கணக்கு.

அபின் வகையில் டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிபீன் 1957-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பாராசிட்டமாலோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போனது. நம்ம பக்கம் பிராக்சிவான், ஸ்பாஸ்மோ பிராக்சிவான் என்றால் பலருக்கும் ஞாபகம் வரும். பிரிட்டன் 2005-இல் இந்தக் கூட்டு மாத்திரையை விலக்க முடிவெடுத்தது. 2010 நவம்பரில் அமெரிக்கா நிறுத்தியது. வழக்கமான அளவிலேயே இதயத் துடிப்பின் சீரை அது கெடுக்கலாம் என்று தெரிய 53 வருஷம் ஆகியிருக்கிறது! இந்தியா 2013 மே மாதம் தடை விதித்தது.

பிறகு என்ன ஆச்சு? ஸ்பாஸ்மோ பிராக்சிவான் 'பிளஸ்' என்ற ஒட்டோடு வந்தது. உள்ளே இருந்தது டிராமடால். பெயர் அதே, மருந்து வேற. அதனால் அட்டையில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும்.

இன்று பரவலாக இருப்பது டிராமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்த மாத்திரை. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 8. அதிலேயே பாராசிட்டமால் 2,600 மி.கி. ஆகிவிடும். காய்ச்சலுக்கென்று தனியாக 650 மி.கி. மாத்திரை மூணு போட்டால் மொத்தம் 4,550. ஒரு நாளைய எல்லையே 4,000 தான். குடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் எல்லை இன்னும் குறைவு. கல்லீரல் கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாமலும் போகலாம்.

டிராமடால் பக்கம் ஆபத்து வேற மாதிரி. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். வலிப்பு நோய் இருந்தாலோ, மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 12 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. நாள்கணக்கில் சாப்பிட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

டிராமடால் எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; யாருக்குக் கொடுத்தார்கள் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள்.

நடந்த கால் வலிக்கு ஓய்வும், தேவைப்பட்டால் வெறும் பாராசிட்டமாலுமே பெரும்பாலும் போதும். டிராமடால் சாப்பிட்ட யாராவது எழுப்பியும் எழாமல் மூச்சு மெதுவாக விட்டால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே 108-க்குக் கூப்பிடுங்கள்.