சங்கிலியும் தொலைவும்

சின்னமனூருக்கு அருகே, முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களை ஒட்டியது எங்கள் ஊர். என் சிறுவயதில் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் ஒரு சங்கிலி கிடந்தது. மாட்டுக்கு உரியதன்று, என் சித்தப்பாவுக்கு உரியது.

இருபத்திரண்டாம் வயதில் அவருக்கு யாரோ பேசும் குரல்கள் கேட்கத் தொடங்கின. சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாக ஐயுற்றார். அப்பத்தா கோடாங்கியை அழைத்து உடுக்கடிக்கச் செய்தார். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். ஒருநாள் இரவு சித்தப்பா ஆற்றை நோக்கி ஓடியபின்தான் சங்கிலி வந்தது. சோறூட்டிய அதே கையால் அப்பத்தா பூட்டையும் போட்டார். அறியாமையும் அன்பின்மையுமே இதற்குக் காரணம் என்று சிலர் எழுதும்போது என்னால் ஒப்ப முடிவதில்லை. இங்கே இந்நோயின் வரலாறு பெரிதும் தொலைவின் வரலாறு என்பதே என் எண்ணம்.

நோயின் பெயர் மனச்சிதைவு. 1908இல் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் இட்ட 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரின் தமிழாக்கம் அது. ஒருவருக்குள் இருவர் குடியிருப்பதாகப் பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள், அது பிழை. எண்ணம், உணர்ச்சி, புலனுணர்வு ஆகியவற்றின் இணக்கம் குலைவதையே பிளாய்லர் குறித்தார். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் இளமையில் தொடங்குகிறது. மரபுக்கூறும் வாழ்சூழலும் சேர்ந்து இதற்கு வழிவகுக்கின்றன; செய்வினையோ வளர்ப்புப் பிழையோ காரணமல்ல.

சென்னையில் பித்தருக்கான விடுதி 1794இலேயே தோன்றிவிட்டது. மருத்துவர் வாலண்டைன் கொனோலி தொடங்கியது அது. 1871இல் அரசு விடுதி கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. நெடுங்காலம் தமிழகத்தில் அரசின் தனி மனநல மருத்துவமனை அது ஒன்றே. கம்பத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'கீழ்ப்பாக்கம்' என்பது வசைச்சொல்லாக வந்து சேர்ந்தது. மருத்துவம் வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் மருந்து பிறந்துவிட்டிருந்தது. 1952இல் பாரிசில் டிலே, டெனிக்கர் என்ற இருவர் குளோர்புரோமசினைக் கொடுத்து, கட்டிவைத்தே காக்கப்பட்ட நோயாளிகள் அமைதியுறக் கண்டனர். கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளி குடும்பத்தோடு வாழ்ந்தபடியே தேற முடியும் என்று நம்பினார். 1984இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1981இல் முதன்முறையாக நோயுற்ற 90 பேரைத் தேர்ந்து, டாக்டர் தாராவும் உடனிருந்தோரும் பல்லாண்டுகள் சென்னையில் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தனர்.

சென்னையில் தெரிந்த அந்த உண்மை பள்ளத்தாக்கின் வீடுகளை எட்டவில்லை. ஆகவே மக்கள் அருகில் இருந்ததை, அல்லது ஆறுதல் தந்ததை நாடினர். கோவிலுக்கும் தர்காவுக்கும் சென்றோர் அவ்வாறு சென்றவரே. அதை எளிதில் எள்ளிவிட முடியாது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 பேரை பெங்களூர் மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களின் நோய்க்குறிகள் சராசரியாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் கூறியது. அங்கே தனிச் சடங்கு எதுவும் இல்லை. தங்க இடமும் பரிவும் கோவிலின் எளிய அன்றாட வேலையும் இருந்தன.

பரிவு நீங்கிச் சங்கிலி மட்டும் எஞ்சிய இடத்தில் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில் ஏர்வாடி காட்டிற்று. தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று திட்டவட்டமாகக் கூறுகிறது.

ஆயினும் சட்டம் சங்கிலியைத் தடுக்குமேயன்றி மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்காது. 1996இல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், தமிழகத்தில் திருச்சியில் கால்கொண்டு படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. எங்களைப் பொறுத்தவரை அதுவே பெருந்திருப்பம்.

ஏனெனில் ஏர்வாடிக்கு முன்பே ஒருமுறை சித்தப்பாவின் சங்கிலி கழன்றதுண்டு. மதுரையில் ஒரு மருத்துவர் கொடுத்த மாத்திரையில் மூன்று மாதத்தில் தெளிந்தார். ஆனால் மாதந்தோறும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். உடன் செல்பவருக்கு ஒருநாள் கூலி இழப்பு. அறுவடை முடிந்து கையில் காசில்லாத ஒரு கோடையில் மருந்து நின்றது. நல்லவிதமாக இருக்கும்போது மருந்தை நிறுத்துவதே இந்நோயில் மறுபடி விழுவதற்குப் பெரிய காரணம் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆடியில் குரல்கள் திரும்பின. அப்பத்தா மீண்டும் தொழுவத்துக்குப் போனார்.

பின்னாளில் பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை கிடைத்தது. அங்கே சித்தப்பா தாமே மிதிவண்டியில் போய்வந்தார். வாழைத் தோட்டத்தில் நீர் பாய்ச்சும் வேலையையும் பார்த்தார். குரல்கள் முற்றிலும் ஓயவில்லை. "அதுபாட்டுக்குப் பேசுது, நான்பாட்டுக்கு மடை திருப்புறேன்" என்பார்.

அப்பத்தா சாகும்வரை அந்தச் சங்கிலியைத் தூக்கி எறியவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மருந்து நிண்டுபோனா என்னய்யா செய்ய?" என்றார்.