சூறையில் சூரன் இல்லை

பிள்ளையார் கோயில் வாசலில் சூறைத்தேங்காய் உடைபடும்போதெல்லாம், "அது சூரன் தலை, சூரத்தேங்காய் என்பதே சரி" என்று யாராவது விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். சூறையாடலையும் சூறாவளியையும்கூடச் சூரபதுமன் கணக்கில் எழுதுகிறார்கள். கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

முருகன் தடிந்த சூர், அச்சம் தரும் தெய்வம். அதில் இருப்பது இடையின ரகரம். சூறையிலோ வல்லின றகரம். அதன் உறவு சுற்றோடு. 'சுறு' என்ற அடி இரட்டித்தால் சுற்று, நீண்டால் சூறை. பெறு பேறாகவும் உறு ஊறாகவும் நீள்கின்றனவே. ஆகவே முதற்பொருள் சுழல்காற்று, சூறைவளியே சூறாவளி. வடமொழிச் சோரனிலிருந்து கொண்டுவருவோர்க்கும் இந்த றகரமே விடை.

அகநானூற்று முதற்பாட்டில் மாமூலனார் காற்றைச் 'சூரல்' என்கிறாரே, அங்கே ரகரம்தானே என்பார்கள். பாட்டைப் பார்க்கட்டும். முருங்கையின் வெண்பூவைக் கடுங்காற்று வாரி எடுக்க, அது உடைந்த அலையின் துளிபோல் பொங்கிப் பறக்கிறது. அங்கு நடப்பது சுழற்றல். அச்சத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சூறையைக் கொள்ளை என்ற பொருளிலும் வழங்குகிறோம். ஆனால் கொள்ளை வேறு. அது 'கொள்' என்பதன் பிள்ளை, கையின் செயல். அதனால்தான் ஊரையே அள்ளிப்போகும் நோயும் கொள்ளைநோய், மிகுந்த அழகும் கொள்ளை அழகு. சூறையில் சிதறலும் உண்டு, வாரலும் உண்டு. தேங்காய் உடைவதோடு நின்றால் சிதறுகாய் என்ற பெயரே போதும். கல்லில் மோதித் தெறித்த சில்லுகளைப் பிள்ளைகள் முண்டியடித்துப் பொறுக்குகிறார்களே, அதுதான் சூறை. பிறர் அள்ளிக்கொள்ள விட்டுவிடுவதைச் 'சூறைவிடுதல்' என்றார்கள். மேல்மலையனூரில் மாசி அமாவாசையன்று மயானத்தில் குவித்த சோற்றையும் காய்கனியையும் தானியத்தையும் மக்கள் பாய்ந்து அள்ளுவதற்கு மயானக் கொள்ளை என்று பெயர். மயான சூறை என்றும் சொல்வார்கள்.

காற்று எப்போது கள்வனானது? உரையாசிரியர்கள் ஆறலைத்தல் என்ற வழிப்பறியையும் சூறைகோடலையும் பாலை நிலத்துக்குரிய தொழிலாக வைத்தார்கள். சூறைக்காற்றுக்கும் அதுவே நிலம். வேனிலில் சருகையும் புழுதியையும் சுழற்றித் தூக்கிப்போகும் காற்றைக் கண்டவன், அதே வழியில் வணிகச் சாத்தை வளைத்துப் பொதிகளை வாரிப்போன ஆறலை கள்வரையும் கண்டான். இரண்டுக்கும் ஒரு சொல்லே அவன் வாயில் வந்தது. இந்தப் பொருள் மாற்றம் பாலையில்தான் நிகழ்ந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.