பொட்டி கட்டின கதை

பொட்டி தட்டிப் பொழைக்கிறவனுக்குப் பொட்டி கட்டத் தெரியாதுங்கிறது போன தீபாவளிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. ஊருக்குப் போயிட்டு மதுரையில இருந்து பெங்களூரு திரும்புறேன். (இராமநாதபுரம் மாவட்டத்துல பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில இருக்கிற ஐ.என்.எஸ். பருந்து கடற்படையோடது. அதனால நமக்கு மதுரைதான்.) இருக்கிறதுலயே மலிவான டிக்கெட். பெரிய பெட்டி போடணும்னா தனிக்காசு. கைப்பை ஒண்ணே ஒண்ணு, ஏழு கிலோ. கவுண்டர்ல இருந்த பொண்ணு பையை வாங்கித் தராசுல வச்சதும் 9.4னு காட்டுச்சு.

அப்புறம் என்ன, எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணினேன். வரிசையை விட்டு ஓரமா உக்காந்து பையைப் பிரிச்சேன். சார்ஜரும் பவர் பேங்க்கும் பேன்ட் பாக்கெட்டுக்குப் போச்சு. மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டேன். அப்பவும் தேறலை. மிச்சம் இருந்ததெல்லாம் அப்பத்தா குடுத்துவிட்டது. பனங்கருப்பட்டி ரெண்டு வட்டு, குண்டு மிளகாய் ஒரு பொட்டலம், பழைய பேப்பர்ல நாலு சுத்து சுத்தின நெத்திலிக் கருவாடு. இதுல எதை வெளியே எடுக்கிறது? கடைசியில கருப்பட்டியை அங்க தரை துடைச்சிக்கிட்டு இருந்த அக்கா கையில குடுத்துட்டு ஏறினேன்.

ராத்திரி போன் போட்டு இதைச் சொன்னா அப்பத்தா சிரிக்குது. "ஏழு கிலோவுக்கா இம்புட்டுப் புலம்புற? நாங்க ஒரு ஊரையே விட்டுட்டு வந்தோம்ப்பா."

அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் இந்தப் பதிவு. ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ரெண்டு வார இறுதியில தேடிப் படிச்சதும், அப்பத்தாகிட்ட நோண்டி நோண்டிக் கேட்டதும் சேர்ந்தது. நீளமான கொசுவத்தி, பொறுத்துக்குங்க மக்களே :-)

எடைக் கணக்கு விமானத்தோட கூடப் பிறந்தது. 1932 அக்டோபர் 15 அன்னிக்கு ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில இருந்து பம்பாய்க்கு ஓட்டிட்டு வந்த குட்டி விமானத்துல ஏத்தினது சுமார் 25 கிலோ தபால். அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்கள்ல பெட்டியை மட்டும் இல்லை, ஆளையும் தராசுல ஏத்தி நிறுத்தினாங்க. இன்னிக்கு நம்ம உள்நாட்டு விமானங்கள்ல பொதுவா கைப்பைக்கு ஏழு கிலோ. நீள அகல உயரம் மூணும் சேர்த்து பல கம்பெனிகள்ல 115 செ.மீ. 2015-ல ஐயாட்டா அமைப்பு உலகத்துக்கே பொதுவா 55, 35, 20 செ.மீ.னு ஒரு அளவைக் கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பினதும் நிறுத்தி வச்சது. ரயில்ல ஸ்லீப்பர் வகுப்புக்கே 40 கிலோ இலவசம். ரயில்ல வந்திருந்தா என் கருப்பட்டி தப்பிச்சிருக்கும்.

ஆளையே தராசுல நிறுத்தினாங்கன்னு படிச்சப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா நம்ம கடற்கரையில ஆளுக்கே டேக் கட்டியிருக்காங்க. அது சிரிக்கிற விஷயம் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டத்துக்கும், அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் இங்க இருந்துதான் ஆள் போச்சு. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்துச் சனங்க. கங்காணி பின்னாடி கரை வரைக்கும் நடை, மன்னார் பக்கம் தோணி, அங்க இருந்து காட்டு வழியா மாத்தளைக்கு மறுபடி நடை. வழியிலயே செத்தவங்க ஏராளம்.

1900-களோட தொடக்கத்துல 'தகர டிக்கெட்' முறை வந்துச்சு. எந்தத் தோட்டத்துக்குப் போற ஆளோ அந்தத் தோட்டத்தோட எண்ணைப் பொறிச்ச ஒரு தகரத் துண்டு. அதைக் கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்கணும். காசு கையில தேவையில்லை. தகரத்தைக் காட்டினா ரயில், கப்பல், சாப்பாடு எல்லாம் கிடைக்கும். செலவு தோட்டத்துக் கணக்குல ஏறும், பல சமயம் அங்க இருந்து இறங்கி ஆளோட கடனா வந்து உக்காரும். நம்ம செக்-இன் பெட்டியோட கைப்பிடியில சுத்தி ஒட்டுற சீட்டு என்ன வேலை செய்யுதோ அதே வேலைதான். எங்க இறங்கப் போறோம்னு பெட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை, சீட்டைப் படிக்கிறவனுக்குத் தெரிஞ்சாப் போதும்.

கடல் தாண்டுறதுக்கு முன்னாடி மண்டபத்துல நிறுத்துவாங்க. காலரா, பெரியம்மை எல்லாம் தீவுக்குள்ள வந்துடக் கூடாதுன்னு இலங்கை அரசாங்கமே நம்ம மண்ணுல நடத்தின முகாம். சில நாள் தங்கவச்சு, ஊசி போட்டு, துணிமணிக்கு மருந்து காட்டி அனுப்புவாங்க. இன்னிக்கும் அந்த ரயில் நிலையத்துக்கு 'மண்டபம் கேம்ப்'னுதான் பேர். நானே நூறு தடவை அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கேன். எதுக்கு கேம்ப்புன்னு ஒரு தடவையும் கேட்டதில்லை.

அப்பத்தாவோட தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கம் இருந்து போனவர். "கழுத்துல தகரம், கையில ஒரு செம்பு, ஒரு துணிமூட்டை, அவ்வளவுதான்னு எங்கய்யா சொல்லும்" என்கிறது அப்பத்தா. அவருக்கு யாரும் எடைக் கட்டுப்பாடு போட வேண்டிய அவசியமே வரலை.

அதே வழியில இன்னொரு வகைப் பயணமும் இருந்துச்சு. 1914-ல பாம்பன் ரயில் பாலம் திறந்தாங்க. தனுஷ்கோடி வரை ரயில், அங்க இருந்து தலைமன்னாருக்கு ரெண்டு மணி நேரம் போலக் கப்பல், அந்தக் கரையில மறுபடி ரயில். இதுதான் போட் மெயில். எழும்பூர்ல எடுத்த ஒரே டிக்கெட்டுல கொழும்புக் கோட்டை வரைக்கும் போகலாம். வியாபாரி, வக்கீல், அரசியல்வாதி எல்லாம் தோல் பெட்டியும் படுக்கையுமா அதுல போனாங்க. ஒரே கடல், ஒரே கப்பல் துறை. ஒருத்தருக்குப் பெட்டி மேல சீட்டு, இன்னொருத்தருக்குக் கழுத்துல சீட்டு.

இப்ப திரும்பி வந்த கதை. இலங்கை விடுதலை அடைஞ்ச அதே 1948-ல வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்கள்ல பெரும்பாலானவங்களை நாடில்லாதவங்க ஆக்கிடுச்சு. 1964 அக்டோபர் 30 அன்னிக்கு சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கு. அதுல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு தள்ளி வச்சாங்க. 1974-ல அதையும் ஆளுக்கு 75,000னு பாதியாப் பிரிச்சாங்க. அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேர்கிட்ட யாரும் கேட்கலை.

அந்த ஒப்பந்தத்துல என்னை நிறுத்தி வச்ச ஒரு விதி இருக்கு. இந்தியாவுக்குப் போறவங்க தங்களோட சொத்து, சேமநிதி, பணிக்கொடை எல்லாத்தையும் கொண்டு போகலாம். ஆனா ஒரு குடும்பம் அதிகபட்சம் இவ்வளவுதான் கொண்டு போகலாம்னு இலங்கை அரசாங்கம் வரம்பு வைக்கலாம். அந்த வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. அதாவது மூணு தலைமுறை உழைப்புக்குமான 'பேக்கேஜ் அலவன்ஸை' எவ்வளவு சுருக்கலாம்னு ரெண்டு அரசாங்கம் உக்காந்து பேசி எழுதியிருக்கு. இதை அப்பத்தாகிட்ட சொன்னேன். "நாலாயிரமா? அம்புட்டு இருந்தா எதுக்கு வர்றோம்" என்றது.

ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலை, டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் தனுஷ்கோடியையே வழிச்சுட்டுப் போயிடுச்சு. அதனால திரும்பி வந்தவங்க இறங்கினது இராமேஸ்வரத்துல. தலைமன்னார்ல இருந்து 'ராமானுஜம்' கப்பல். எங்க வீட்டுல தாத்தா, அப்பத்தா, அஞ்சு வயசு அப்பா மூணு பேரும் 1973-ல வந்தாங்க.

மலைநாட்டுல ரயிலுக்குக் கோச்சின்னு பேரு. ஆளுங்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி'ன்னே பேரு வச்சுட்டாங்க. ஏன்னா ஒரே வீட்டுல பாதிப் பேருக்கு இந்தியா, பாதிப் பேருக்கு இலங்கை. அப்பத்தாவுக்கு இந்தியா. அதோட தங்கச்சி கட்டிக்கிட்ட வீட்டுக்கு இலங்கை.

எதையெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னு கேட்டேன். ஒரு தகரப் பெட்டி, ரெண்டு சாக்கு, பாத்திரம், கம்பளி, சாமி படம். கொழுந்துக் கூடையை எடுக்கலை, "இங்க எதுல பறிக்கிறது?" அம்மாவோட அம்மிக்கல்லைத் தூக்க முடியாது. அது லயத்திலயே தங்கச்சிகிட்ட இருந்துடுச்சு. குழவியை மட்டும் சீலையில சுத்தி எடுத்துக்கிட்டு வந்துடுச்சு. ஏன் குழவின்னு கேட்டா நேரா பதில் இல்லை. "அம்மா கை பட்டது. அம்புட்டுத்தான் தூக்க முடிஞ்சது."

இராமேஸ்வரத்துல இறங்கி மறுபடியும் அதே மண்டபம் முகாம். போறப்ப தாத்தன் தங்கின இடத்துல வர்றப்ப பேத்தி. நிறைய பேரை நீலகிரியில அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினாங்க. எங்க தாத்தா வியாபாரக் கடன் வாங்கி இராமநாதபுரத்துல கடை போட்டார். தேயிலை பறிச்ச குடும்பம் டீக்கடை வச்சது. ஒப்பந்தப்படி இப்படி வந்து சேர்ந்தவங்க, பிள்ளைகளையும் சேர்த்து சுமார் நாலரை லட்சம் பேர்.

1983 ஜூலைக்கு அப்புறம் அதே கரையில வேற சனங்க வந்து இறங்கினாங்க. கப்பல் போக்குவரத்து நின்னுபோச்சு. ராத்திரியில மீன்பிடிப் படகு மட்டும்தான். அதுல அளவு கிடையாது, தராசு கிடையாது. படகு முங்காம இருக்கிறதுதான் எடைக் கணக்கு. பெட்டியா ஆளான்னு வந்தா பெட்டி கடலுக்குப் போகும். மண்டபம் முகாம் அவங்களுக்கு அகதி முகாம் ஆச்சு. 2022 மார்ச்சுல பொருளாதார நெருக்கடி தாங்காம வந்த முதல் கூட்டத்தைப் படகுக்காரங்க அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. கைக்குழந்தையோட நின்ன அவங்களைக் கடலோரக் காவல்படை மீட்டது.

இதையெல்லாம் படிச்சதுல ஒண்ணு மட்டும் புரிஞ்சது. எடை வரம்பு தொல்லைதான். ஆனா எதை விடுறதுன்னு நான் முடிவு பண்றேன், விட்டது திரும்பக் கிடைக்கும். அடுத்த பொங்கலுக்குப் போனா அப்பத்தா வேற கருப்பட்டி குடுக்கும். அவங்களுக்கு வரம்பை யாரோ எழுதினாங்க, விட்டது விட்டதுதான். அந்த ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சுப் புலம்புறது தப்பு.

அப்பத்தாவுக்கு இப்ப 77 வயசு. தங்கச்சி ஹட்டன் பக்கத்துல இருக்கு, வாட்சப்புல முகம் பார்த்துக்கிறாங்க. நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல கப்பல் விட்டாங்க, இடையில நின்னு 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. ஆனா நம்ம இராமேஸ்வரத்துல இருந்து இல்லை. வயசானவங்களுக்குச் சென்னையில இருந்து கொழும்பு விமானம்தான் சுலபம்னு நினைச்சு, போலாமான்னு கேட்டேன். உடனே வந்த கேள்வி: "கையில எம்புட்டு விடுவான்?"

குழவியைத் தங்கச்சிகிட்ட காட்டணுமாம். பெட்டி தூக்கிப் பார்க்குற தராசுல துணியோட கட்டித் தொங்கவிட்டேன். 4.2 கிலோ. ஏழுக்குள்ளதான் இருக்கு. ஆனா கல்லுக் குழவியைக் கைப்பையில வச்சா பாதுகாப்புச் சோதனையில நிச்சயம் நிறுத்துவாங்க, பெரிய பெட்டியில போட்டு டேக் கட்டித்தான் அனுப்பணும்னு சொன்னேன்.

"பெட்டிக்குத்தானே, கட்டட்டும்" என்றது அப்பத்தா.

பிப்ரவரியில டிக்கெட் போடலாம்னு இருக்கேன். அந்த மாசம் ஹட்டன்ல குளிர் எப்படின்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. ஸ்வெட்டருக்கு எடை ஒதுக்கணும்.