லூனா பார்க்குக்குள் கோனி ஐலண்ட்

நியூயார்க்கில் கோனி ஐலண்டுக்குள் லூனா பார்க் இருந்தது. சிட்னியிலோ லூனா பார்க்குக்குள் கோனி ஐலண்ட் இருக்கிறது. எழுத்துப்பிழை அல்ல; இரண்டு பெயர்களும் கடல் தாண்டியதில் நேர்ந்த தலைகீழ்.

1901-இல் பஃபலோ நகரப் பொருட்காட்சியில் ஃபிரெடரிக் தாம்ஸன் ‘நிலாப் பயணம்’ என்றொரு காட்சி அமைத்தார். கட்டணம் 50 சென்ட். இறக்கையடிக்கும் கப்பல் நின்ற இடத்திலேயே ஆடும். சுற்றிலும் ஓவியத் திரைகளும் விளக்குகளும் மாறிமாறிப் பறக்கிற பிரமையைத் தரும். அப்புறம் இறங்கி நிலாக் குகைகளுக்குள் நடந்தே போக வேண்டும். நிலாவாசி வேடக்காரர்கள் பாலாடைக்கட்டி நீட்டுவார்கள். கப்பலின் பெயர் லூனா, லத்தீனில் நிலா.

1903-இல் தாம்ஸனும் கூட்டாளி எல்மர் டண்டியும் கோனி ஐலண்டில் சொந்தமாகப் பூங்கா திறந்தபோது அந்தப் பெயரையே சூட்டினார்கள். டண்டியின் சகோதரி பெயரும் லூனாதான் என்பார்கள். எனக்குக் கப்பலே போதும். விரைவில் அது பொதுப்பெயராயிற்று. இத்தாலியிலும் துருக்கியிலும் கிரீஸிலும் ராட்டினம் சுற்றும் எந்தப் பூங்காவும் லூனா பார்க்தான். மூலப் பூங்கா 1944 தீவிபத்தோடு நொடித்துப்போனது.

கோனி ஐலண்ட் என்ற பெயர் டச்சுக்காரர்களின் ‘முயல் தீவு’ என்பதிலிருந்து வந்தது என்பது பெருவழக்கு. அதை ‘ஃபன் ஹவுஸ்’ எனப்படும் கேளிக்கைக் கூடத்தோடு சேர்த்து நினைக்க வைத்தவர்களில் ஜார்ஜ் டில்யூ முக்கியமானவர். 1907-இல் அவருடைய ஸ்டீபிள்சேஸ் பூங்கா எரிந்ததும், கண்ணாடியும் இரும்புமாகப் பெரிய கூடம் கட்டினார். உருளும் பீப்பாய், சறுக்குமரம் எல்லாம் உள்ளே. ஓரிடத்தில் தரையிலிருந்து காற்று பீறிட்டுப் பெண்களின் பாவாடையைத் தூக்கும். கோமாளி மின்கோலால் ஆண்களைச் சீண்டுவான். இன்று நடத்தினால் போலீஸ் கேஸ்தான். அவமானப்பட்டவர்களே பிறகு எதிரே உட்கார்ந்து, அடுத்து வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

1935-இல் துறைமுகப் பாலத்தடியில் சிட்னி லூனா பார்க் திறந்தபோது, அதன் ஃபன் ஹவுஸுக்குக் கோனி ஐலண்ட் என்றே பெயர். இன்றும் அங்கே சாக்குத்துணியை விரித்து உட்கார்ந்து உயரத்திலிருந்து சறுக்கலாம். வழவழப்பான மரத்தட்டான ‘ஜாய் வீல்’ சுழலத் தொடங்கியதும் ஓரத்தில் இருப்பவர்கள்தான் முதலில் தெறித்து விழுவார்கள். நடுமையத்தைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே, தட்டு நின்றதும் அடுத்த கும்பல் நடுவிடத்துக்குத்தான் முண்டியடிக்கும்.